கைப்பிடியில் இருக்கும் கை: மாற்றியமைத்த ஜெர்மன் டார்கெட் பிஸ்டல்கள் பற்றி ஒரு குறிப்பு

பழைய டார்கெட் பிஸ்டல் சேகரிக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்கு எல்லாமே ஃபேக்டரியில் இருந்து வந்தபடி இருக்க வேண்டும். பெட்டி, கையேடு, ஆலன் கீ, கீறல் விழாத கைப்பிடி என்று ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இரண்டாவது கட்சி ரொம்பச் சின்னது. யாரோ ஒருவர் இருபது முப்பது வருஷம் சுட்டு, அரத்தால் ராவி, புட்டி வைத்து, எடைக்கட்டி மாட்டி, தன் கைக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொண்ட பிஸ்டல்களைத் தேடிப் போகிறவர்கள். சந்தையில் இவற்றுக்குப் 'பாழானது' என்றுதான் பேர்.

நான் இரண்டாவது கட்சி. டார்கெட் பிஸ்டலைப் பொறுத்தவரை மாற்றம் என்பது சேதம் இல்லை, அது ஒரு ஆவணம் என்பது என் வாதம். அந்த ஆவணத்தை எப்படிப் படிப்பது, அது ஏன் வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வேலை நிமித்தம் பல வருஷமாக ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் இருக்கிறேன். தொழில் சாஃப்ட்வேர். பக்கத்து ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர். சொந்தமாக இருப்பவை லைசென்ஸ் தேவைப்படாத ஏர் பிஸ்டல்கள் மட்டும். .22 பிஸ்டல் சுடுவதெல்லாம் சங்கத்து ரேஞ்சில், சங்கத்துத் துப்பாக்கியில், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போதுதான். எதையும் எப்படிக் கழற்றி மாற்றுவது என்று இங்கே சொல்லித்தரப் போவதில்லை.

ஏன் ஜெர்மனி?

கார்ல் வால்தர் கம்பெனி தொடங்கியது தூரிங்கியா பகுதியில், 1886-ல். அதன் தொழிற்சாலை இருந்த ஊர் செல்லா-மெஹ்லிஸ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி அவர்கள் செய்த பிஸ்டலின் பேரே 'ஒலிம்பியா'. அந்த வருஷம் வேகச் சுடுதல் போட்டியில் தங்கம் கார்னேலியஸ் வான் ஓயனுக்கு, வெள்ளி ஹைன்ஸ் ஹாக்ஸுக்கு. இருவரும் ஜெர்மானியர்கள். ஒலிம்பியா பிஸ்டலில் கவனிக்க வேண்டிய விஷயம், குழலுக்கு அடியில் மாட்டவும் கழற்றவும் தோதான எடைக்கட்டிகளைக் கம்பெனியே கொடுத்தது. அதாவது, 'இதை உன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்' என்பது தொடக்கத்திலேயே டிசைனில் இருந்தது.

போருக்குப் பிறகு தூரிங்கியா சோவியத் பகுதிக்குள் போய்விட, வால்தர் மேற்கே உல்ம் நகரில் மறுபடி ஆரம்பித்தது. இடைப்பட்ட காலத்தில் ஒலிம்பியாவின் வாரிசுகளை 1950-களில் சுவிட்சர்லாந்தின் ஹேமர்லி கம்பெனி உரிமம் வாங்கித் தயாரித்தது. இன்னொரு பக்கம், மௌசர் துப்பாக்கி ஆலை இருந்த ஓபர்ன்டார்ஃப் ஊரில், அந்த ஆலையில் வேலை பார்த்த வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இரண்டு பொறியாளர்கள் ஃபைன்வெர்க்பாவ் கம்பெனியைத் தொடங்கினார்கள். பேருக்கு அர்த்தமே 'நுண்கருவிக் கட்டுமானம்' என்பதுதான். டயானா ஏர்கன் செய்த கம்பெனி ராஸ்டாட்டில். உல்ம், ஓபர்ன்டார்ஃப், ராஸ்டாட் மூன்றுமே நான் இருக்கும் மாநிலத்துக்குள் வருகிறவை. பழைய பிஸ்டல் இங்கே சுலபமாகக் கண்ணில் படுவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சங்கங்கள். ஜெர்மன் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு 1861-ல் கோத்தா நகரில் தொடங்கியது. இன்று உறுப்பினர்கள் 13 லட்சத்துக்குப் பக்கம். சின்ன கிராமத்தில்கூட தீயணைப்பு நிலையம், கால்பந்து மைதானம், அதற்கு அடுத்து ஒரு துப்பாக்கிச் சங்கம் என்று இருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை முடித்து வந்து 40 ஷாட் சுட்டுவிட்டு, பீர் குடித்துவிட்டுப் போகிற தச்சர், தபால்காரர், லேத் மெக்கானிக். பட்டறையும் கைத்திறனும் இருக்கிற ஆட்களின் கையில் பிஸ்டல் கிடைத்தால் என்ன ஆகும்? மாற்றத்தான் செய்வார்கள்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு மாற்ற வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. தள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 320 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக நிற்காமல் 1 மி.மீ. ஒதுங்கினால், 10 மீட்டரில் பெல்லட் 31 மி.மீ. ஒதுங்கும். அது 7. கை மொத்தமாக 1 மி.மீ. இணையாக ஆடினால் டார்கெட்டிலும் அதே 1 மி.மீ.தான், அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கோணம் பிசகினால் பிசகு முப்பது மடங்காகிறது.

ஆக, பிஸ்டல் சுடுதலில் பிரச்சினை கை ஆடுவது அல்ல, மணிக்கட்டு திரும்புவதுதான். ஒரே கையால், எந்த முட்டும் இல்லாமல், கையை நீட்டி நின்று சுடும் விளையாட்டு இது. விரல் ட்ரிகரை அழுத்தும் நேரத்தில் மற்ற மூன்று விரல்களும் கூடவே கொஞ்சம் இறுகும். அந்த இறுக்கம் முன் சைட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும், பத்து போய்விடும். இறுகினாலும் பிஸ்டல் திரும்பாத மாதிரி கையை நிரப்பிக்கொண்டு உட்காரும் கைப்பிடி ஒன்றுதான் தீர்வு. கை ஒவ்வொருத்தருக்கும் வேறு. எஸ், எம், எல் என்று மூன்று சைஸில் கம்பெனி கொடுப்பது ஆரம்பப் புள்ளி மட்டும்தான்.

கைப்பிடி, ட்ரிகர், எடை

கைப்பிடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரேஞ்சில் ஒரு பழைய சோதனை உண்டு. காலி பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை டார்கெட் பக்கம் தூக்கி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திற. முன் சைட் பள்ளத்தின் நடுவே நின்றால் சரி. மூக்கு தாழ்ந்து நின்றால் கைப்பிடியின் பின்பக்கம், கீழே, உள்ளங்கையின் அடி உட்காரும் இடத்தில் கொஞ்சம் புட்டி வைக்க வேண்டும். அது கைப்பிடியின் அடியை முன்னே தள்ளும், மூக்கு மேலே வரும். மூக்கு தூக்கி நின்றால் அதே இடத்தில் ராவி எடுக்க வேண்டும். இதை ஒரே நாளில் செய்யக் கூடாது. கொஞ்சம் வை, காயட்டும், இரண்டு வாரம் சுடு, பிறகு பார். கோடில் பக் தேடுகிற மாதிரிதான், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

உள்ளங்கைக்கு அடியில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகை இருக்கும். கட்டைவிரலுக்கு ஒரு மேடை. வழுக்காமல் இருக்க மரத்தில் புள்ளிப் புள்ளியாகக் கொத்தியிருப்பார்கள். ஜெர்மனியில் நில், ரிங்க் மாதிரி கைப்பிடிக்கென்றே பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பட்டறையில் தானே செய்துகொண்டவர்களின் வேலைதான் எனக்குச் சுவாரசியம்.

அடுத்தது ட்ரிகர். ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு 1000 கிராம். போட்டிக்கு முன் குழலைச் செங்குத்தாக வைத்து ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள், மூன்று முயற்சி. தாங்கவில்லை என்றால் அந்த பிஸ்டலோடு உள்ளே போக முடியாது. அதனால் விவரமான ஆட்கள் சரியாக 500-ல் வைக்க மாட்டார்கள், பத்து இருபது கிராம் கூட வைப்பார்கள்.

1965-ல் வந்த ஃபைன்வெர்க்பாவ் மாடல் 65 ஏர் பிஸ்டலில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பினால் ட்ரிகர் 500 கிராமில் இருந்து 1360 கிராமுக்கு மாறும். பெரிய காலிபர் பிஸ்டல் போட்டியில் அந்தக் காலத்து விதி 1360 (இப்போது 1000). வீட்டில் ஏர் பிஸ்டலை வைத்தே அதற்குப் பயிற்சி எடுக்கலாம். அதே பிஸ்டலின் இன்னொரு சாமர்த்தியம், அதன் உதைப்பை விழுங்கும் முறை. உள்ளே ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளும்போது உடல் பின்னே உதைக்கும், அதுவும் பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே. மாடல் 65-ல் மேல்பாகம் முழுக்கத் தண்டவாளம் மாதிரியான வழித்தடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ட்ரிகர் விழும் கணத்தில் பூட்டு விடுபட்டு மேல்பாகம் மட்டும் பின்னே வழுக்கும், கைப்பிடி அசையாது. டயானா மாடல் 6 இதே பிரச்சினையை வேறு மாதிரி தீர்த்தது: எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள், ஒன்றின் உதையை மற்றொன்று சமன் செய்துவிடும்.

1960-களின் இறுதியில் வந்த வால்தர் ஜிஎஸ்பி .22 பிஸ்டலைப் பார்த்தால் எங்கள் தொழில்காரர்களுக்கு உடனே பிடித்துப்போகும். மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருக்கிறது, குழல் கைக்கு வெகு பக்கத்தில் தாழ்ந்து கிடக்கிறது. ட்ரிகர் மொத்தமும் தனியாகக் கழன்று வரும் ஒரு யூனிட். பாகங்களை மாற்றினால் அதே உடல் .32 காலிபருக்கும் போகும். சுத்தமான மாட்யூலர் டிசைன்.

விதி மாறினால் பிஸ்டல் அநாதை

மாற்றங்களைப் புரிந்துகொள்ள விதிப் புத்தகமும் தெரிந்திருக்க வேண்டும். ஏர் பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமுக்குள். 25 மீட்டர் பிஸ்டலுக்குப் பெட்டி 300 × 150 × 50, எடை 1400. கைப்பிடி கையைச் சுற்றி வளைத்துக்கொள்ளக் கூடாது. பல பழைய கைப்பிடிகளில் உள்ளங்கைப் பலகையின் ஓரம் திடீரென்று வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் மட்டும் மரம் வெளிறிப்போய் இருக்கும். 50 மி.மீ. அகலத்துக்குள் அடக்க ஏதோ ஒரு போட்டியின் காலையில், பார்க்கிங்கில் நின்று ராவியதாகக்கூட இருக்கலாம்.

சில நேரம் விதி ஒரு பிஸ்டல் வகையையே கொன்றுவிடும். வேகச் சுடுதல் போட்டியில் பல காலம் .22 ஷார்ட் என்ற மெதுவான தோட்டா, மெல்லிய ட்ரிகர், கையை அணைத்துக்கொள்ளும் பெரிய கைப்பிடி எல்லாம் அனுமதி. வால்தர் ஓஎஸ்பி பிஸ்டல் அதற்காகவே செய்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு விதி மாறியது: .22 லாங் ரைஃபிள் தோட்டா, 1000 கிராம் ட்ரிகர், சாதாரண அளவுக் கைப்பிடி. ஒரே இரவில் ஓஎஸ்பி போட்டிக்கு ஆகாத பொருளாகிவிட்டது. அதேபோல, ட்ரிகர் எடைக்குக் கீழ்வரம்பே இல்லாத, கைப்பிடி கையையே விழுங்கிக்கொள்ளும் 50 மீட்டர் 'ஃப்ரீ பிஸ்டல்' போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கில் இருந்து போயிற்று. ஜெர்மன் சங்கங்களில் இன்னும் சுடுகிறார்கள், ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் குறைவு.

இதனால் ஆளுக்கென்று உழைத்துச் செதுக்கிய பிஸ்டல்கள்தான் முதலில் அநாதையாகின்றன. ஃபேக்டரி நிலையில் இருப்பதைச் சேகரிப்பவர் வாங்குவார். செதுக்கியதை யார் வாங்குவது? இன்னொருவர் கைக்கு அது உதவாது.

சேகரிப்பவர்கள் கதைக்கே மதிப்பு தர மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் விளம்பரப் புகைப்படத்தில் ஷான் கானரி நீளக் குழல் பிஸ்டலை மார்போடு வைத்து நிற்பாரே, அது வால்தர் பிபிகே இல்லை. பிபிகே-யை யாரும் எடுத்து வராததால், போட்டோகிராஃபர் டேவிட் ஹர்ன் தன்னுடைய வால்தர் எல்பி 53 என்ற டார்கெட் ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். அந்த ஏர் பிஸ்டல் 2010-ல் லண்டன் ஏலத்தில் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பிரபலத்தின் கை பட்டால் கதைக்குக் காசு. தபால்காரர் கை முப்பது வருஷம் பட்டிருந்தால் அதற்குப் பேர் சேதம்.

ஒரு பழைய பிஸ்டலைப் படிப்பது எப்படி?

நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் முத்திரை. ஏர் பிஸ்டலில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' எழுத்து இருந்தால் ஆற்றல் 7.5 ஜூலுக்குள், 18 வயதானவர் லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம். அந்த முத்திரை இல்லாமல், 1970 ஜனவரி 1-க்கு முன் முறைப்படி விற்பனைக்கு வந்தது என்றால் அதுவும் லைசென்ஸ் இல்லாதது. எனவே முத்திரை இல்லாத மாடல் 65 பெரும்பாலும் 1965-க்கும் 1969-க்கும் நடுவே வந்தது. .22 பிஸ்டலில் அரசுச் சோதனை நிலையத்தின் முத்திரை இருக்கும். உல்ம் நிலையத்துக்கு மான்கொம்பு. அதன் பக்கத்தில் இரண்டு எழுத்தில் வருஷம்: ஏ என்றால் 0, பி 1, சி 2 என்று போய் ஐ 8, ஜே-யை விட்டுவிட்டு கே 9. 'எச் சி' என்று இருந்தால் 72. இதைத் தெரிந்துகொண்டால் விற்பவர் சொல்லும் வருஷத்தை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம்.

இரண்டாவது, மாற்றங்களை மூன்று அடுக்காகப் பிரிப்பது.

ஒன்று, திருகி மாட்டியவை: எடைக்கட்டி, சைட், ட்ரிகர் நாக்கு. கழற்றினால் பிஸ்டல் பழையபடி ஆகிவிடும். சேகரிப்பவர்கள்கூட இதற்கு முகம் சுளிப்பதில்லை.

இரண்டு, மரத்தில் செய்தவை. கைப்பிடியை ராவினால் ராவியதுதான், திரும்ப வராது. ஆனால் கைப்பிடி தனிப் பாகம், திருகைக் கழற்றினால் பிஸ்டலை விட்டு வந்துவிடும். இயந்திரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆவணம் இருப்பது இந்த அடுக்கில்தான்.

மூன்று, உலோகத்தில் செய்தவை: உடலில் துளை, வெட்டிய குழல், ராவிய ட்ரிகர் கொக்கி. இந்த அடுக்கில் எனக்கு எந்த ரொமான்ஸும் கிடையாது. ட்ரிகரின் உள் கொக்கியை யாரோ ராவியிருந்தால், தொடாமலே வெடிக்கும் ஆபத்து இருக்கு. உள்ளே எந்த ஆபரேட்டர் என்ன செய்தார் என்று தெரியாத கோடை நேரே புரொடக்‌ஷனில் ஏற்றுவது மாதிரி. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியில் குழல், பூட்டு மாதிரி முக்கியப் பாகங்களில் கை வைக்க ஜெர்மன் சட்டத்தில் அனுமதி பெற்றவர் வேண்டும், அழுத்தம் தாங்கும் பாகத்தை மாற்றினால் மறுபடி அரசுச் சோதனை வேண்டும். ஏர் பிஸ்டலின் ஆற்றலை 7.5 ஜூலுக்கு மேல் ஏற்றினால் அது லைசென்ஸ் தேவைப்படும் ஆயுதமாகிவிடும். இப்படி ஏதாவது சந்தேகம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் ஒன்று

என்னிடம் உள்ள மாடல் 65-ல் 'எஃப்' முத்திரை இல்லை. ஒரு முதியவர் இறந்த பிறகு, சங்கத்து நண்பர் ஒருவர் மூலமாக அவருடைய குடும்பத்திடம் வாங்கியது. கைப்பிடி வால்நட் மரம். அதன் மேல் மூன்று அடுக்குப் புட்டி, மூன்றும் மூன்று நிறம்.

அடியில் இருப்பது சாம்பல் நிறம், கட்டைவிரல் மேடையில் மட்டும். அதன் மேல் மரத்தூள் கலந்த பழுப்பு, உள்ளங்கை அடியில். இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அவருக்கு மூக்கு தாழ்ந்திருக்கிறது, திருத்தியிருக்கிறார். மூன்றாவது கறுப்பு எபாக்ஸி, கைப்பிடி முழுக்கப் பருமனாக்க. விரல் மூட்டு மடங்க மறுக்கும் வயதில் பருமனான கைப்பிடி சுலபம். இது என் ஊகம்தான், ஆனால் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தால் விரல்கள் முழுதாக மடங்காமல் பாதியில் நிற்பது தெரியும். கைப்பிடியின் அடியில் இரண்டு திருகுத் துளைகளும், ஒரு செவ்வகத் தடமும் உண்டு. அந்த இடத்தில் மரம் வெளிறியிருக்கிறது. ஜெர்மனியில் மூத்தவர்களுக்கு 'ஆஃப்லாகே' என்று, பிஸ்டலை ஒரு முட்டின் மேல் வைத்துச் சுடும் தனிப் பிரிவு உண்டு. அதற்காக ஒரு தகடு மாட்டியிருந்திருக்க வேண்டும்.

கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் பென்சிலில் எழுத்து. '520 - 71', '515 - 78', '540 - 93'. ட்ரிகர் எடையும் வருஷமும். கடைசி வரியில் எடை கூடியிருக்கிறது. விரலின் நுண்ணுணர்வு குறைந்தால் ட்ரிகரைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வது வழக்கம்.

ஒரு மனிதரின் போட்டி வயது, நடு வயது, முதுமை எல்லாம் ஒரு கைப்பிடியில் அடுக்கடுக்காக இருக்கு. வெர்ஷன் ஹிஸ்டரி என்று நாங்கள் சொல்வதுதான், மரத்தில்.

காட்டியபோது ஒரு வியாபாரி எனக்குச் சொன்ன அறிவுரை: 'நல்ல ஃபேக்டரி கைப்பிடி ஒன்று தேடி மாட்டு, விலை கூடும். இதைக் குப்பையில் போடு.' விலைக் கணக்கில் அவர் சொன்னது சரிதான். நான் பாதியைச் செய்தேன். வேறொரு பழைய மீடியம் சைஸ் கைப்பிடி தேடி வாங்கி மாட்டினேன். பழையதைக் குப்பையில் போடவில்லை, சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஏன் மாட்ட வேண்டியிருந்தது என்றால், அவர் கைப்பிடியோடு நான் சுட முடியாது. சுட்டுப் பார்த்தேன். ஐந்து ஷாட்டும் நெருக்கமாக, ஆனால் மொத்தமும் 8-ல், இடது பக்கம். சைட்டைத் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் பத்து ஷாட்டுக்கு அப்புறம் மணிக்கட்டு வலிக்கும். எனக்கு ஏற்ற மாதிரி அதை ராவலாம். அப்படிச் செய்தால் அவர் போய்விடுவார். புதிதாக வாங்கிய கைப்பிடியை இரண்டு வருஷமாக நான் ராவிக்கொண்டிருக்கிறேன். அதன் உள்பக்கமும் பென்சிலில் தேதி எழுதுகிறேன்.

குப்பைக்குப் போவது எது?

என் கவலை இதுதான். 1960, 70-களில் இளைஞர்களாகச் சங்கத்தில் சேர்ந்த தலைமுறை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. ஜிஎஸ்பி மாதிரி லைசென்ஸ் உள்ள பிஸ்டல் என்றால் வாரிசுகள் ஒரு மாதத்துக்குள் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசு தானே சுடுகிறவராக இல்லாவிட்டால் துப்பாக்கியில் பூட்டுக் கருவி பொருத்த வேண்டும். செலவும் அலைச்சலும். அதனால் பல குடும்பங்கள் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிடுகின்றன. ஒப்படைத்தது பெரும்பாலும் உருக்கத்தான் போகும்.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று கணக்கு இருக்க வேண்டும், பயன்படுத்தாதவர் வீட்டில் அது கிடக்க வேண்டாம். உருக்கட்டும். ஜிஎஸ்பி ஆயிரக்கணக்கில் செய்தார்கள், நல்ல நிலையில் மியூசியத்தில் இருக்கும். ஆனால் கூடவே போகும் மரக் கைப்பிடி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது லைசென்ஸ் தேவைப்படும் பாகமும் இல்லை, வெறும் மரம். கழற்றி வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் போய்விடுகிறது.

ஒலிம்பிக் வீரர்களைப் பற்றிய பதிவு நூலகத்தில் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சுட்ட தச்சர் எப்படிச் சுட்டார், எந்த வயதில் என்ன மாற்றினார், எதை முயன்று கைவிட்டார் என்பதற்கு இந்தக் கைப்பிடிகளும் கிழிந்த ஸ்கோர் நோட்டுகளும் தவிர வேறு சாட்சி கிடையாது.

அதனால் யாரிடமாவது, எந்த ஊரிலாவது, சுட்டுப் பழகிய ஒரு பழைய டார்கெட் பிஸ்டல் வந்து சேர்ந்தால், விற்பதற்கோ ஒப்படைப்பதற்கோ முன் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த, உரிமம் உள்ள ஒருவர் காலி என்று உறுதி செய்த பிறகு:

- கைப்பிடியை ஆறு பக்கமும், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.
- கைப்பிடியைக் கழற்றி உள்பக்கத்தையும் படம் எடுங்கள். பென்சில் எழுத்து இருப்பது அங்கேதான்.
- புட்டி அடுக்குகளின் நிறம், தேய்ந்து பளபளப்பான இடங்கள், திருகுத் துளைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- ட்ரிகர் எடை, எடைக்கட்டிகளின் எடை, அவை மாட்டியிருந்த இடம்.
- முத்திரையும் வருஷ எழுத்தும்.
- பெட்டியில் கிடக்கும் அட்டை, நோட்டு, சங்கத்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள்.
- குடும்பத்தில் யாராவது இருந்தால் ஒரே ஒரு கேள்வி: அவர் இடது கையா, வலது கையா, கையில் ஏதாவது அடிபட்டிருந்ததா?

பிறகு பிஸ்டல் எங்கே போக வேண்டுமோ அங்கே போகட்டும். கைப்பிடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ டப்பா அளவு இடம்கூட எடுக்காது.

அடுத்த குறிப்பில் ட்ரிகர் எடையை வீட்டில் சரியாக அளப்பது பற்றி, எடைக்கல்லுக்கும் ஸ்பிரிங் தராசுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்ற கணக்கோடு எழுதுகிறேன்.